செருப்புப் பாறை

தூவான மலையின் உச்சியில் கோயில் கிடையாது. ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று அதில் நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். அடிவாரத்து மடத்துக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் திருவிழா.

நெய்க்குடத்தை யார் சுமப்பது என்று மடத்துச் சாமி சொல்வார். அடிவாரத்தில் தோளேறும் குடம் உச்சியில்தான் இறங்க வேண்டும். நடுவில் தரையில் வைக்கக் கூடாது. முடியாதவர் பின்னால் வருகிறவரின் தோளுக்கு மாற்றிவிடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பார்கள். ஆனால் மாற்றியவரின் பெயர் அடுத்த சித்திரை வரை டீக்கடையில் அடிபடும்.

மாசிலாமணி பல வருஷங்களாகக் குடம் சுமந்தவர். ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஐம்பது தாண்டியவர், சாமியைவிட மூத்தவர். சாமி பட்டத்துக்கு வருவதற்கு முன்பே மடத்துக்கு வந்து சேர்ந்தவர். தொப்பை என்ற ஒன்று அவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதும் இல்லை.

இந்த வருஷம் குடம் குழந்தைவேலுவுக்கு என்று சாமி சொல்லிவிட்டார்.

குழந்தைவேலு மடத்துச் சமையல்காரர். ஊரில் அவருக்கு அண்டா என்று பெயர். பந்திக்கு முன்னால் ருசி பார்ப்பார், பந்தியிலும் உட்காருவார், பந்தி முடிந்தபின் மிச்சம் வீணாகக் கூடாது என்பார். அவர் ஏறினால் டவுன் பஸ் ஒரு பக்கம் சாயும் என்று டிரைவர் சொல்வது வழக்கம். குழந்தைவேலுவும் சேர்ந்து சிரிப்பார்.

மலையில் பாதி வழியில் ஒரு அகலப் பாறை உண்டு. அதற்கு மேல் வெறுங்காலோடுதான் போக வேண்டும். எல்லோரும் செருப்பை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். குழந்தைவேலுவால் அதுவரைதான் ஏற முடியும். அதனால் செருப்புக்குக் காவல் அவர். மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அதுவரைகூட வர முடியாது என்று டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார்.

அந்த மனிதர்தான் மூன்றே வருஷத்தில் பாதியாகிவிட்டார்.

எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. விடிந்ததும் ஒரு கொக்கித் தடியை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போவார், வெயில் ஏறும்போது கால் முழுக்க முள் கீறலோடு திரும்புவார். ஏதோ மூலிகை பறிக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. எந்த மூலிகை என்று கேட்டு வெளியூரிலிருந்துகூட ஆள் வந்தது. நடந்தேன், இளைத்தேன், அவ்வளவுதான் என்று குழந்தைவேலு எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். மாசிலாமணியும் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். திருட்டுப்பயல், மறைக்கிறான் என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

குடம் யாருக்கு என்று தெரிந்த மறுநாள் டீக்கடைக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. அதில் இரண்டு குழந்தைவேலு. இடது பக்கம் பழையவர், வலது பக்கம் புதியவர். கீழே இளைஞர் மன்றத்தார் வாழ்த்து. மாசிலாமணி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அண்டாவைத் தேய்த்துக் குண்டாவாக்கினதுக்கு ஒரு பேனரா என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர், உங்களுக்கும் வைக்கலாம், ஆனால் இரண்டு படமும் ஒரே மாதிரி இருக்குமே என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாசிலாமணி நேராக மடத்துக்குப் போனார். சாமி முற்றத்தில் வேப்பம்பூ உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவன் தின்னு பெருத்தான். தின்னாம இளைச்சான். நான் பெருக்கவே இல்லையே. எனக்கு யாரு பேனர் வெச்சா?"

"யாரும் வைக்கல" என்றார் சாமி.

"பேனர் போகட்டும். குடத்தையும் தூக்கி அவன்கிட்ட குடுத்திட்டீங்க. அவன் செஞ்சதுல நான் செய்யாதது என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

சாமி பூவைக் கையால் பரப்பினார். ஒரு காய்ந்த குச்சியைப் பொறுக்கி எறிந்தார்.

"செருப்புப் பாறைக்கு இந்த வருஷம் ஆள் இல்லை. நீங்க உட்காருங்க."

மாசிலாமணி இதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு திரும்பினார்.

பௌர்ணமியன்று விடியலில் கூட்டம் ஏறியது. குழந்தைவேலு குடத்தோடு முன்னால் போனார். பழைய உடம்புக்குத் தைத்த சட்டை அவர் மேல் பந்தல் துணிபோலத் தொங்கியது. பாறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் விட்டார். பார்த்துக்குங்கண்ணே என்று மட்டும் சொன்னார். மாசிலாமணி தலையை ஆட்டினார்.

பிறகு பாறையில் அவரும் செருப்புகளும் மட்டும்தான்.

அங்கிருந்து மேலே போகும் பாதை முழுவதும் தெரியும் என்று மாசிலாமணிக்கு அன்றுவரை தெரியாது. அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. வெள்ளை வேட்டிகள் ஒரு வரிசையாக ஏறுவது தெரிந்தது. முன்னால் போகும் ஆளின் தோளில் குடம் மின்னியது.

மாசிலாமணி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்குத்தான இடம் வந்தது. மாற்றிவிடுவான் என்று நினைத்தார். குடம் நின்றது. மாற்றுடா என்று வாய்விட்டே சொன்னார். குடம் மறுபடி நகர்ந்தது. அடுத்த வளைவில் கால் வழுக்கினால்கூடப் போதும் என்று தோன்றியது. நெய் கொட்டினால் விளக்கு இருக்காதே என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தும் முந்தைய நினைப்பு போகவில்லை.

வெயில் ஏறியது. முதலில் இறங்கி வந்தவர்கள், பாதியிலேயே திரும்பிய ஒரு கணவனும் மனைவியும். அந்தம்மாள் செருப்பில் காலை வைத்ததும் எடுத்துவிட்டாள். ரப்பர் கொதித்தது. அண்டா அண்ணன் இருந்தால் தழை ஒடித்துப் போட்டு மூடி வைத்திருப்பார் என்று கணவனிடம் சொன்னாள். முதலில் அப்படி இல்லை, இரண்டு மூன்று வருஷமாகத்தான் என்று கணவன் சொன்னான். மாசிலாமணிக்குக் கேட்கட்டும் என்றுதான் இருவரும் பேசினார்கள்.

அப்போது மேலேயிருந்து சங்குச் சத்தம் வந்தது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. குடம் கைமாறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கணவனும் மனைவியும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். மாசிலாமணி எழுந்து வரிசையின் கடைசிக்குப் போனார். குழந்தைவேலுவின் செருப்பில் குதிகால் பக்கம் ஆழமாகக் குழிந்திருந்தது. அந்தப் பள்ளம் பழைய குழந்தைவேலுவின் எடை. இப்போதிருக்கும் கால் அதில் நிறையாது.

அவர் அதைக் கையால் தொடவில்லை. இடது செருப்பைக் காலால் தள்ளினார். அது பாறை விளிம்பில் ஒரு கணம் நின்றது. இன்னொரு முறை தள்ளினார். கீழே முள்ளும் புதருமாக இருந்த பள்ளத்தில் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை.

பிறகு மற்றச் செருப்புகளுக்குத் தழை ஒடித்துப் போட்டார். ஏன் போட்டார் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கூட்டம் இறங்கி வந்தது. குழந்தைவேலு கடைசியாக வந்தார். உள்ளங்கால் இரண்டும் தோலுரிந்திருந்தன. கழுத்தில் யாரோ போட்ட மாலை. ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும் நின்றார்.

"குரங்கு" என்றார் மாசிலாமணி. "ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. நான் கத்துறதுக்குள்ள பள்ளத்துல போட்டுடுச்சு."

குழந்தைவேலு பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மாசிலாமணியைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"எந்தக் காலுண்ணே?"

"இடது."

"இடதா" என்றார் குழந்தைவேலு. அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்த மாசிலாமணிக்கு, வந்தது என்னவென்று புரியவில்லை. "சரிண்ணே. விடுங்க."

மிச்சமிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோலுரிந்த காலோடு மெதுவாக இறங்கத் தொடங்கினார். மூன்று வருஷத்துக்கு முன் இதே பாறையில் மாசிலாமணியின் ஒரு செருப்பு காணாமல் போயிருந்தது. குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் அன்று குழந்தைவேலுவும் சொன்னார். மாசிலாமணி வெறுங்காலோடு இறங்கி, அண்டாவை நம்பிச் செருப்பை விட்டால் இதுதான் கதி என்று ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டினார். அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அடிவாரத்தில் மேளம் கேட்டது. குழந்தைவேலுவை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாசிலாமணி அந்தப் பக்கம் போகாமல் மடத்தின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். சாமி முற்றத்தில் நின்று உச்சி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் அது புகையாகத்தான் தெரிந்தது.

"உட்கார்ந்து பார்த்துட்டேன் சாமி" என்றார் மாசிலாமணி. "நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை."

சாமி உள்ளே போனார். ஒரு பழைய துண்டில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து அதைத் தரையில் பிரித்து வைத்தார்.

ஒரு செருப்பு. வெயிலில் காய்ந்து சுருண்டிருந்தது. ஓரத்தை ஏதோ பிராணி கடித்திருந்தது. அறுந்த வாரில் மாட்டிய ஊக்கு துருப்பிடித்துக் கிடந்தது. அந்த ஊக்கை மாட்டியவர் மாசிலாமணிதான்.

"இது என்னோடது."

"ஆமா."

"குரங்கு எடுத்துட்டுப் போனது."

"குழந்தைவேலு எறிஞ்சது" என்றார் சாமி. "வருஷா வருஷம் அந்தப் பாறையில உட்கார்ந்து, நீங்க குடத்தோட ஏறிப் போறதைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அந்த வருஷம் தாங்கலை."

மாசிலாமணி செருப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட சொன்னானா?"

"முதல்ல குரங்குன்னுதான் சொன்னாரு. சாயங்காலம் திரும்பி வந்து நான்தான்னு சொன்னாரு. போய் எடுத்துட்டு வாங்கன்னேன்."

"அந்தப் பள்ளத்துலயா? அந்த உடம்போடயா?"

"முதல் நாள் இறங்குற வழியிலேயே உட்கார்ந்துட்டாரு. மறுநாள் கொஞ்சம் தூரம் போனாரு. அப்புறம் மழை வந்துது, எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போச்சு. போதும்னு நானே சொன்னேன். கேக்கலை. இந்தத் தை மாசம்தான் கிடைச்சுது."

மாசிலாமணி ஊக்கைத் தொட்டார். துரு விரலில் ஒட்டியது.

"அப்ப மூலிகைன்னு ஊரெல்லாம் சொன்னது?"

"ஊர் சொன்னது. அவர் சொல்லலை."

"என்கிட்ட ஏன் குடுக்கலை?"

"பாறை வரைக்கும் ஏறத் தெம்பு வந்துது, உச்சி வரைக்கும் வந்துது, உங்க முன்னால நிக்கத்தான் இன்னும் வரலைன்னாரு. நாளைக்குக் குடுக்கிறதா இருந்தாரு."

வாசலில் மேளம் நெருங்கி வந்தது. யாரோ அண்டா என்று கூப்பிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். எல்லோருடைய பேச்சுக்கும் நடுவே, கால் எரிகிறது, கொஞ்சம் உட்கார விடுங்கப்பா என்று குழந்தைவேலு கெஞ்சுவது கேட்டது.

மாசிலாமணி தலை நிமிரவில்லை.

"சாமி, இன்னைக்கு அவன் செருப்பையும் ஒரு குரங்கு..." என்று ஆரம்பித்தார்.

சாமி துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கொக்கித் தடி அடுக்களைக் கதவுக்குப் பின்னால இருக்கு" என்றார். "முள்ளு ஜாஸ்தி. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிடுங்க."