மிகுந்த ஒற்று

"இந்தக் கதையை நாளை மன்றத்தில் வாசிக்க மாட்டேன், அம்மா. அடுப்பில் போடப் போகிறேன்" என்றான் மருதவாணன்.

ஆசிரியை நீலமதி அவனைவிட வயதில் இளையவள். அவன் படிக்கும் பள்ளியில் இலக்கணம் சொல்லித் தருபவள். என்ன கதை என்று கேட்டாள்.

இல்லாத ஒரு நாட்டின் கதை என்றான். அங்கே சுவர்களுக்கு நிஜமாகவே காது முளைத்திருக்கும். உறக்கத்தில் உளறியதுகூட விடிவதற்குள் அரண்மனைக்குப் போய்விடும். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று முரசறைவார்கள். மக்களும் கைதட்டுவார்கள்.

"நன்றாகத்தானே இருக்கிறது. அடுப்பில் போட என்ன வந்தது?"

"எழுதும்போது அது இல்லாத நாடாக இருந்தது."

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். போன மாதம் இந்த ஊரிலும் முரசு அடித்தார்கள். ஏறக்குறைய அதே சொற்கள். நம் பள்ளிக்குள்ளும் ஒற்றன் ஒருவனை அனுப்பியிருக்கிறார்களாம். யாரென்று தெரியவில்லை. பந்தியில் யாரும் வாய் திறப்பதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுகிறார்கள். இந்த நிலையில் இதை வாசித்தால் கதை என்று யார் நம்புவார்கள்?

"சிறையில் போடுவார்கள், அம்மா."

"போடலாம்" என்றாள். "எதற்கும் பிழை திருத்திவிடுவோம். பிழையுள்ள கதைக்காக யாரும் சிறைக்குப் போகக் கூடாது."

அவள் அழைக்க, மாணவர் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் வாசித்தான், தனக்கு மட்டும் கேட்கும்படி.

கேட்கவில்லை என்றாள்.

கொஞ்சம் உரக்க வாசித்தான்.

இன்னும் கேட்கவில்லை என்றாள்.

அவன் குரல் கூரையைத் தொட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிக்கு வந்தான்.

"சுவர் கேட்டப் பேச்சையெல்லாம் அரசன் கேட்டான்."

நீலமதி கையை உயர்த்தினாள். முகம் சிவந்திருந்தது.

"ஒற்று."

மருதவாணன் ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"எங்கே, அம்மா?"

"கடைசி வரியில். தேவையில்லாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் காதை ஏமாற்ற முடியுமா? அடி."

கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் வாசலை நோக்கி ஓடினான்.

மருதவாணன் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொருவன் எழுந்து ஓடினான். தூணோரம் இருந்த மூன்றாமவன், பந்தியில் எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியவன், சன்னல் வழியே குதித்தான். வாசற்படியில் முதல் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"நீயுமா?" என்று ஒருவன் மற்றவனைக் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். இத்தனை நாள் மூடியிருந்த வாய்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. உப்பில்லாமல் தின்றதைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள்.

மருதவாணன் ஆசிரியையிடம் ஓடினான்.

"மூன்று பேர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"எந்த மூன்று பேர்?"

அவள் இன்னும் ஏட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"'கேட்ட பேச்சு.' நடுவில் 'ப்' எதற்கு? பெயரெச்சத்துக்குப் பின்னால் ஒற்று மிகாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். எழுத்தை அடி என்றேன். அதற்கு ஏன் பிள்ளைகள் ஓடுகிறார்கள்?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

மாலையில் ஏட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி விடைபெற வந்தான். நாளை வாசிக்கப் போவதாகச் சொன்னான். மன்றத்துக்கு ஊரே திரண்டு வருமாம். அதிகாரிகளுக்கு முன்வரிசையாம். அவளும் கட்டாயம் வந்து கேட்க வேண்டுமாம்.

"அந்த ஒற்றை அடித்துவிட்டாயா?"

"இல்லை, அம்மா. நாளைக்கு ஒருநாள் இருக்கட்டும்."