முதல் மிதித் தண்ணீர்

“என் மேல தப்பில்லம்மா” என்று சொல்லிக்கொண்டேதான் ஆவுடையப்பன் உள்ளே வந்தார்.

சுந்தரவல்லி அம்மாவுக்கு ஆவுடையப்பனின் மகள் வயதுதான் இருக்கும். என்றாலும் அந்த மலை ஆசிரமத்துக்கு அம்மாதான் குரு. மடியில் ஒரு காவித் துணி இருந்தது. அன்று மாலை ஆவுடையப்பனுக்குத் தருவதாக இருந்த துணி. வீடு வாசலை விட்டு வந்து அவர் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது அதற்காகத்தான்.

“என்ன நடந்துச்சு?”

மலையில் கரண்ட் கிடையாது. கை கழுவும் தொட்டிக்கு அடியில் மூடி போட்ட கேன் ஒன்று இருக்கும். பக்கத்தில் இருக்கும் பம்பைக் காலால் மிதித்தால் கேன் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறி வரும்.

மார்கழிக் குளிரில் எல்லாருக்கும் விரல் விறைக்கிறதே என்று, அடுப்பில் கொதித்த தண்ணீரை ஆவுடையப்பன் அப்படியே கேனில் ஊற்றிவிட்டார். நல்ல மனசுதான். சமையல் பார்க்கும் காத்தாயி கையை நீட்டினாள். வெந்துபோயிற்று. மற்றவர்கள் அவளைப் பச்சைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

“நானே முதல்ல கைய வச்சுப் பாத்தேன். ஜில்லுன்னுதான் இருந்துச்சு. அப்புறம்தான் அவளக் கூப்பிட்டேன்.”

“எத்தன மிதி மிதிச்சீங்க?”

“ஒண்ணு.”

அம்மா துணியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து தொட்டிக்கு நடந்தார். ஆவுடையப்பன் பின்னாலேயே விளக்கம் சொல்லிக்கொண்டு போனார்.

“கைய நீட்டுங்க.”

நீட்டினார். அம்மா மிதித்தார். ஜில்லென்று வந்தது.

“நான் சொன்னேனா இல்லையா!” அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இது குழாய்ல நின்னு ஆறுன தண்ணி. கேன்ல இருக்கிறது இதுக்குப் பின்னாலதான் வரும்.”

அம்மா மறுபடி காலைத் தூக்கினார்.

ஆவுடையப்பன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

அம்மா மிதிக்கவில்லை. காலைத் தரையில் வைத்தார்.

“காத்தாயி கை இப்ப எப்படி இருக்கு?”

ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரமாகத் தன் அறைக்குள் உட்கார்ந்து தன் பக்க நியாயத்தைக் கோத்துக்கொண்டிருந்தவர், அந்தக் கையை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

குனிந்து கேனைத் திறந்து, பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றிக் கலக்கினார். குழாயில் இருந்ததெல்லாம் போகும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுக்காமல் இன்னும் மிதித்தார். வெதுவெதுப்பாகவே வந்தது.

ஈரக் கையோடு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“துணிய வாங்கிக்காமப் போறீங்களே?”

“இருக்கட்டும்மா. அந்தப் பிள்ள கையப் பாத்துட்டு வந்துடுறேன்.”

அம்மா துணியோடு அவர் பின்னாலேயே நடந்தார்.