தொட்டால் செல்லாது

"ராஜகனிய அடிங்க டீச்சர்!"

மூன்றாம் வகுப்புப் பூரணி மூச்சிரைக்க வந்து நின்றாள். இந்த மாதம்தான் பள்ளியில் சேர்ந்தவள்.

சண்முகவடிவு டீச்சர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன், வெளையாட்டுல சேக்கலையா?"

"சேத்திருக்கா. ஒப்புக்குச் சப்பாணியா சேத்திருக்கா!"

எரிச்சலே அதுதான். தொட்டுப் பிடிச்சு ஆட்டத்தில் ஒப்புக்குச் சேர்த்த பிள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். யாரும் துரத்த மாட்டார்கள். அவள் போய்த் தொட்டாலும் செல்லாது. வராதே என்று விரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இது என்ன பிழைப்பு?

"நேத்து பூரா ஓடுனேன். ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல. நான் என்ன பேயா டீச்சர்?"

டீச்சர் கையை உதறிவிட்டு மைதானத்துக்கு வந்தார்.

"ராஜகனி, இந்த ஆட்டம் பூரணி பிடிப்பா. அவ தொட்டா உக்காந்திரணும்."

"அவ ஒப்புக்குல்லா டீச்சர்?"

"இன்னைக்கு யாரும் ஒப்புக்கு இல்ல. ஓடு."

ஓடினார்கள்.

பூரணி விட்டாளா? வெறிபிடித்தவள் மாதிரி பாய்ந்தாள். ராஜகனியின் முதுகில் விழுந்ததைத் தொட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுளீரென்று ஓர் அடி. ஒவ்வொருத்தியாக மண்ணில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தையில் செல்லக்கூடியதையா இத்தனை நாள் செல்லாது என்றார்கள்?

வியர்த்து வழிய டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் அவுட்டு!"

"எல்லாருமா?"

டீச்சர் கொடிக்கம்பத்துப் பக்கம் கை காட்டினார்.

அங்கே ஜெபமலர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். எப்போதும் மூக்கு ஒழுகுகிற பிள்ளை. போன வருஷத்திலிருந்து ஒப்புக்கு ஆடுகிறவள். கொஞ்ச தூரம் ஓடுவாள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள்.

"அவ பக்கமாத்தான போன? தொடலையா?"

"அவள எதுக்கு டீச்சர் தொடணும்?" பூரணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவ ஒப்புக்குத்தானே!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

பூரணி பல்லைக் கடித்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏட்டி ஜெபமலரு! வாரேன், ஓடு!"