புளிக்காத மாவு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் மீசை இந்த நிமிடமே உதிர்ந்து மடியில் விழட்டும். கொச்சிக் காயலோரம், ஒரு யூதர் தெருவில் நடந்தது.

அங்கே எல்கானா என்றொரு ரபீ இருந்தார். அவர் வீட்டு அடுப்பு எரிந்தால், வெந்து விழுந்துவிடுவோம் என்று காக்கைகள் கூரைக்கு மேலே வராமல் தெருவையே விலகிச் சுற்றிக்கொண்டு பறக்கும். நானே பார்த்திருக்கிறேன். அவருடைய சீடர் நப்தலி குருவைவிட மூத்தவர். தலை முழுக்க நரைத்தவர்.

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலையாகிக் கிளம்பியதை நினைக்கும் பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் இருவரும் அப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"வேதத்தில் மட்சா என்று வருகிறதே ரபீ, அதற்கு என்ன அர்த்தம்?" என்று நப்தலி கேட்டார்.

"புளிப்பில்லாத அப்பம்."

"அது எனக்கும் தெரியும். புளிக்காத ஒன்றுக்கு ஏன் இத்தனை மரியாதை?"

ரபீ பதில் சொல்வதற்குள் அக்கரை வள்ளக்காரர் வாசலில் வந்து நின்றார். நப்தலியின் மகள் சிப்போராள் காய்ச்சலில் கிடக்கிறாளாம். இன்றோ நாளையோ என்கிறார்களாம். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம். அப்பா பேச்சை மீறி அக்கரைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். அன்றிலிருந்து நப்தலி அவள் பெயரை உச்சரித்ததில்லை.

நப்தலியின் கை நின்றது. அவள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

"இதையெல்லாம் அவளிடமே வந்து சொல்லலாமே," என்றார் வள்ளக்காரர். "காது இன்னும் கேட்கிறது."

ரபீ எழுந்து, நப்தலியின் முன்னால் கிடந்த மாவை அள்ளிக் காயலில் எறிந்தார். தண்ணீர் பட்ட மாவில் கை ஓயக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஓய்ந்தால் மாவு புளிக்கும், பண்டிகைக்கு ஆகாது.

நப்தலி வெறும் பலகையைப் பார்த்தபடி சொன்னார்: "போகிறேன் ரபீ. பண்டிகை முடியட்டும். மன்னிப்பு உள்ளே ஊறித் தானாகப் பொங்கி வர வேண்டும். எனக்கு இன்னும் வரவில்லை."

"எகிப்திலிருந்து கிளம்பினவர்களுக்கும் மாவு பொங்கவில்லை. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்."

நப்தலி கையைக்கூடக் கழுவாமல் வள்ளத்தில் ஏறினார்.

பண்டிகை கழிந்து திரும்பியபோது அவர் சட்டை நெஞ்சுப் பக்கம் கிழிந்திருந்தது. பெற்ற பிள்ளை செத்தால் அவர்கள் அப்படித்தான் கிழித்துக்கொள்வார்கள். வந்தவர் அடுப்படியில் உட்கார்ந்தார்.

"மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை ரபீ. கோபம் கோபமாகவே இருந்தது. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்."

"கடைசிவரை பிடித்திருந்தீரா?"

"பிடித்திருந்தேன்."

"அப்படியானால் புளிக்காத அப்பமாவது அவளுக்குக் கிடைத்தது. வெறும் வயிற்றோடு போகவில்லை," என்றார் ரபீ.



கேட்டதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தத் தெரு வழியாகத்தான் நான் மீன் வாங்கப் போக வேண்டியிருக்கிறது.