வெற்றி மேடையில் இரண்டு ராஜாக்கள்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மருதநாடு என்றொரு நாட்டை மகிபாலர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்றால், காலையில் ஓர் உத்தரவு போடுவார், மாலையில் அதை மாற்றுவார், நடுவில் தூங்குவார். அவர் காலத்தில் உலகத்து ராஜாக்கள் அத்தனை பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பெரும்போர் நடத்தினார்கள். எதற்கு என்று ராஜாக்களுக்குத் தெரியும். செத்தவர்களுக்குத் தெரியாது.

மகிபாலரும் பக்கத்து நாட்டுச் சிங்கமல்லரும் ஒரே கட்சி. இருவர் படையும் சேர்ந்து எதிரியின் தலைநகரான தாழையூரைப் பிடித்தன. எதிரி ராஜா காட்டுக்குள் ஓடிவிட்டார். இனி உடன்படிக்கையில் இருவரும் முத்திரை வைத்துவிட்டால் படை வீடு திரும்பலாம். ஆடி பிறந்துவிட்டது, ஊரில் விதைக்க ஆள் இல்லை. வீரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அங்கேதான் சிக்கல். ராஜாக்களின் வழக்கப்படி, சின்னவன்தான் பெரியவனைத் தேடிப் போக வேண்டும்.

"சிங்கமல்லன் என்னிடம் வரட்டும்," என்றார் மகிபாலர். சிங்கமல்லரின் பாளையத்திலிருந்தும் அச்சு மாறாமல் அதே பதில் வந்தது.

சேனாதிபதி உக்கிரசேனருக்கு மந்திரி பூவராகரைக் கண்டாலே வயிறு எரியும். மந்திரி வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டார். "மகாராஜா, மைதானத்தில் மேடை கட்டி உயரத்தில் உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தாலே சிங்கமல்லர் பணிந்துவிடுவார்."

மேடை எழுந்தது. மறுநாள் எதிரே அதைவிட உயரமாக இன்னொரு மேடை எழுந்தது. இவர் ஒரு முழம் ஏற்றினார், அவர் இரண்டு முழம் ஏற்றினார். செங்கலுக்குத் தாழையூர் வீடுகளை இடித்தார்கள். கடைசியில் மகிபாலருக்குச் சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கயிற்றால் மேலே இழுத்தார்கள். ரசத்தில் பாதி ராஜாவுக்கு, பாதி கீழே நின்ற காவல்காரர் தலைக்கு.

பூவராகர் ஏணியில் மூச்சு வாங்க ஏறிப் போனார். "மகாராஜா, படையை வீட்டுக்கு அனுப்பலாமே."

"மந்திரியாருக்குப் பயம் வந்துவிட்டது," என்றார் உக்கிரசேனர்.

"ஓய் பூவராகரே," என்றார் ராஜா. "நான் அவனிடம் போக மாட்டேன். ஆனால் அமாவாசைக்குள் முத்திரை விழ வேண்டும். இல்லையென்றால் சிங்கமல்லன்மேல் போர். முன்வரிசையில் நீர் நிற்பீர்."

"சேனாதிபதி எந்த வரிசையில் நிற்பார், மகாராஜா?"

"மகாராஜாவுக்குக் காவலாகப் பின்னால்," என்றார் உக்கிரசேனர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பூவராகர் இறங்கி வந்து தாழையூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தார். அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. குறை உள்ளவர்கள் அரசன் ஆசனத்துக்குக் கீழே வந்து சொல்லலாம். தீர்ப்புக் கிடைக்கும்வரை அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடலாம். அவர்களை விரட்டுகிறவன் அரசன் இல்லை. இதைக் கேட்டதும் மந்திரி தண்டோராப் போடச் சொன்னார்: "எந்த மேடை உயரமோ, அதில் இருப்பவரே தாழையூருக்கு ராஜா. குறை இருப்பவர்கள் அங்கே போகலாம்."

அன்றைக்கு மகிபாலரின் மேடைதான் உயரம். கூட்டம் திரண்டு வந்ததைப் பார்த்து அவருக்குப் பூரிப்பு. "பார்த்தீரா சேனாதிபதி, ஊரே என் காலடியில்."

செவ்வந்தி என்ற பெண் முதலில் நின்றாள். "என் வீட்டுச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், மகாராஜா. சுவரைக் கொடுத்தால் போய்விடுவேன்."

அடுத்தவனுக்கு மாடு வேண்டும், அதற்கடுத்தவளுக்குப் போருக்குப் போன புருஷன் வேண்டும். மகிபாலரின் சொந்த வீரர்களே வந்து நின்று, "எங்களை எப்போது விடுவீர்கள்?" என்றார்கள். யாரும் நகரவில்லை. அடுப்புகள் எரிந்தன. கருவாட்டுப் புகை நேராக மேலே ஏறிச் சிம்மாசனத்தைச் சுற்றியது.

இரண்டே நாளில் ராஜா கண் சிவந்து கத்தினார். "மந்திரி, இவர்களை என்ன செய்வது?"

"விரட்டினால் ராஜ்யம் போகும். மேடையை இரண்டு முழம் குறைத்தால் இவர்கள் சிங்கமல்லரிடம் போவார்கள்."

"குறைக்கச் சொல்லும். உடனே குறைக்கச் சொல்லும்."

குறைத்தார்கள். கூட்டம் அடுப்போடு எதிர்ப்பக்கம் போனது. கழற்றிய செங்கலைச் செவ்வந்தி கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். சிங்கமல்லர் ஒரு நாள் மீசையை முறுக்கினார், மறுநாள் இருமினார், அதற்கு மறுநாள் நான்கு முழம் குறைத்தார். கூட்டம் திரும்பி வந்தது. மகிபாலர் ஆறு முழம் குறைத்தார். ஏற்றியதைவிட வேகமாக இறக்கினார்கள். செங்கல்லெல்லாம் வீடுகளுக்குத் திரும்பியது. அமாவாசைக்கு முந்தின நாள் இரண்டு ராஜாக்களும் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் கீழே போக வழி இல்லையா?" என்றார் மகிபாலர்.

"தோண்டலாம், மகாராஜா," என்றார் பூவராகர்.

தோண்டினார்கள். அந்தப் பக்கமும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. விடிந்தபோது இரண்டு குழிகளின் விளிம்பில் இரண்டு கிரீடங்கள் மட்டும் தெரிந்தன.

போரில் ஒரு காலை இழந்த வீரன் சடையாண்டி கோலை ஊன்றிக்கொண்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். "மகாராஜா, இதுவரை உங்களை அண்ணாந்தே பார்த்துக் கழுத்து வலி. இப்போது சௌகரியமாக இருக்கிறது. விதைப்புக்கு ஒரு கால் போதும். வீட்டுக்குப் போகட்டுமா?"

"போ. எல்லோரும் போங்கள்," என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என் ஆட்களும் போகட்டும்," என்றது மற்றக் குழி, பின்தங்கிவிடக் கூடாதே என்று.

பூவராகர் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு இரண்டு குழிக்குள்ளும் குனிந்து முத்திரை வாங்கினார். யாரும் யாரையும் தேடிப் போகவில்லை. மகிபாலர் முத்துமாலையைக் கழற்றி மேலே நின்ற மந்திரியிடம் எறிந்தார். "மேடை யோசனை சொன்ன சேனாதிபதி எங்கே? குழியில் ஊறும் தண்ணீரை அவரே இறைக்கட்டும்."

படைகள் ஊர் போய்ச் சேர்ந்து விதைத்தன, களை எடுத்தன, அறுத்தன. ராஜாக்கள் மட்டும் குழியை விட்டு வரவில்லை. முதலில் ஏறுகிறவர் உயர்ந்தவர் ஆகிவிடுவாரே. உயர்ந்தவரிடம் குறை சொல்லக் குழி ஓரத்தில் அடுப்போடு ஆட்கள் காத்திருக்கிறார்களே.