ஆடாமல் நின்ற செடி

ஏற்காட்டில் சகாயமேரி என்றொரு பெண் ஆர்க்கிட் வளர்த்துவந்தாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு கண்ணாடிக் கூடத்தில் செடிகளோடு இருந்தாள்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் அறவாழி. அவளைவிட வயதில் நன்றாக மூத்தவர். மேல்சாலையில் இருந்த, காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியர். சனிக்கிழமைகளில் வருவார்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. தொட்டிகளில் இருந்த மரப்பட்டைத் துண்டுகள் ஊறி, மக்கி, சேறு மாதிரி ஆகிவிட்டன. காற்றில்லாமல் வேர்கள் அழுகின. செடிகளையெல்லாம் சுட்ட களிமண் உருண்டைகளுக்கு மாற்றச் சகாயமேரி முடிவு செய்தாள்.

“இது மக்காதா, டீச்சர்?”

“மக்காது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உருண்டை அதை மேலே இழுத்துக்கொள்ளும். இடுக்கில் காற்றும் இருக்கும்.”

“அப்படியானால் முதலிலேயே இதில் வைத்திருக்கலாமே.”

“பட்டையில் வளர்ந்த வேருக்கு இந்த ஈரம் பழக்கமில்லை, சார். நன்றாக இருப்பதும் பெரும்பாலும் போய்விடும். இந்த ஈரத்திலேயே பிறக்கிற புது வேர்தான் பிழைக்கும்.”

ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த இரண்டு செடிகளில் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மற்றதைத் தானே எடுத்துக்கொண்டாள். அழுகிய வேரின் சதையை விரலால் உருவிப் போட்டாள். உள்ளே நூல் மாதிரி இருந்த நரம்பை மட்டும் அப்படியே விட்டாள்.

அறவாழி கத்தரியை எடுத்தார். “செத்ததை எதற்கு வைத்திருக்க வேண்டும்?”

“உங்கள் செடி, சார்.”

அவர் அடியோடு நறுக்கினார். கை வேகமாக ஓடியது. காலையில்தான் பவுனம்மாளை வேலையிலிருந்து அனுப்பியிருந்தார்.

பவுனம்மாள் விடுதி ஆயா. பிள்ளைகளுடைய சைகைகளில் பாதி அவளோடு சேர்ந்து உண்டானவை. ஆனால் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு பிள்ளையின் மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்து, அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வரை போய் வந்தது. முறையாகச் சைகை மொழி படித்த ஆசிரியைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நல்லவர்கள். அறவாழி சேலம் பஸ்ஸில் பவுனம்மாளை ஏற்றிவிட்டார். பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் சகாயமேரியிடம் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து வந்தபோது அவருடைய செடி சாய்ந்திருந்தது. குச்சி வைத்துக் கட்டியிருந்தார். உருண்டைகளில் குச்சியும் நிற்கவில்லை. கதவு திறந்தால் ஆடியது. புதிதாக எட்டிப் பார்த்த வேர்முனைகள் உருண்டையில் உரசிக் கறுத்துப்போயிருந்தன.

சகாயமேரியின் செடி அசையவில்லை. அதன் பச்சை முனைகள் உருண்டைகளுக்குள் இறங்கியிருந்தன.

“நீங்கள் விட்ட நரம்பில் உயிர் இருக்கிறதா?”

“இல்லை.”

“தண்ணீர் குடிக்குமா?”

“குடிக்காது.”

“பிறகு எதற்கு?”

“புது வேர் உள்ளே இறங்கும்வரை செடி ஆடக்கூடாது, சார். அவ்வளவுதான்.”

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், வாசலை நோக்கி நடந்தார்.

“பூவிழியைக் காணோம்.”

பூவிழிக்கு ஐந்து வயது. பள்ளிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று புது ஆசிரியை காலையில்தான் சொல்லியிருந்தாள்.

இருவரும் ஓடினார்கள். சாலையில் பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காவலாளி, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார். கூப்பிட்டுப் பயனில்லை. ஒவ்வொரு புதரையும் கையால் விலக்கித்தான் பார்க்க வேண்டும். பின்னால் லாரி வந்தாலும் அவளுக்குத் தெரியாது.

சிலர் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஒருவர் கையில் நீளக் கம்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அறவாழி அவர்கள் பின்னால் போகக் கிளம்பினார்.

சகாயமேரி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “தண்ணீர்ப் பக்கம் அவர்கள் பார்க்கட்டும். அந்த அம்மாவை எங்கே பஸ் ஏற்றினீர்கள்?”

 அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கித் திரும்பி நடந்தார். பிறகு ஓடினார். வளைவில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வேகமாகத் திரும்பியது. அது நிற்காமல் போன பிறகுதான் நிறுத்தம் தெரிந்தது.

பூவிழி சாலை ஓரத்திலேயே நின்றிருந்தாள். கீழே போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறவாழி முன்னால் போய் மண்டியிட்டார். அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். பிறகு மூக்கின் ஓரத்தை விரலால் தொட்டாள். மூக்குத்தி. பவுனம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது.

அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் மறுபடி தொட்டாள். தூக்கியபோது உடம்பை விறைத்துக்கொண்டாள். உடையெல்லாம் நனைந்திருந்தது. சகாயமேரி தன் சால்வையைச் சுற்றிவிட்டாள். ஏரிக்குப் போனவர்களுக்கு அவளே போன் செய்தாள்.

பள்ளிக்குத் திரும்பி நடந்தார்கள். பூவிழியின் பற்கள் குளிரில் அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது.

“பவுனம்மாளைக் கூப்பிட்டுவிடுகிறேன்,” என்றார் அறவாழி. “மருந்துப் பக்கம் விடமாட்டேன். பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.”

சகாயமேரி சால்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள்.

“ஆனால் கண் தெரியாதவளை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ள முடியும், டீச்சர்? என்றைக்காவது கையை விடத்தானே வேண்டும்?”

“விடத்தான் வேண்டும். ஆனால் விட வேண்டியது இந்தப் பிள்ளை, சார். நீங்கள் இல்லை.”