முக்குளிப்பான் கேட்ட சின்னக் கேள்வி

மேகலை என்ற முக்குளிப்பான் பறவை கோரைக்குளத்துப் பேரவையின் உறுப்பினர். கைக்குள் அடங்கும் உடம்பு. அந்த உடம்பு முழுக்கச் சந்தேகம். எதைப் பார்த்தாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று முங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

கோரைக்குளம் ஒரு மலைக்காட்டின் அடிவாரத்தில் இருந்தது. முன்பெல்லாம் அங்கே ஒரு தவளை இடம் மாறி உட்கார வேண்டும் என்றாலும், மலைமேல் இருக்கும் சிங்க ராஜாவைக் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு ராஜாவின் தூக்கம் கெட்டது.

ஒரு நாள் அவர் கர்ஜித்தார். "குளம், கரை, தண்ணீர், பாதை எல்லாம் இனி உங்கள் பொறுப்பு! நீங்களே ஓர் அரசை அமைத்துக்கொள்ளுங்கள்! காட்டுத்தீ பிடித்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்!"

குளத்தில் ஒரே கொண்டாட்டம். பெருவாயர் என்ற கூழைக்கடாப் பறவை முதல்வர் ஆனார். கரியமாணிக்கம் என்ற எருமை நீர்த்துறை அமைச்சர் ஆனார். ஒற்றைக்காலில் நிற்கும் நாரை அவைத்தலைவர். கரைக்கு அந்தப் பக்கம், மருதமர நிழலில் பேரவை கூடியது.

அமைச்சர் என்றால் சும்மாவா? கரியமாணிக்கம் எங்கும் தனியாகப் போகமாட்டார். முன்னால் ஒரு கூட்டம் எருமை, பின்னால் ஒரு கூட்டம் எருமை, நடுவில் அவர். அப்படித்தான் கரை ஏறி இறங்கி அவைக்கு வருவார்.

இப்படி எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குளத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முக்குளிப்பான்களுக்கு அது உயிர் போகிற விஷயம். அவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. பாசியையும் கோரையையும் சேர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதில்தான் முட்டையிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை கீரி கிட்டே வராது. தண்ணீர் வற்றினால் கூடு சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் கீரிக்கு விருந்துதான்.

கரையோரம் இருந்த ஒரு கூடு முதலில் தரை தட்டியது. அன்று காலையே கீரி நடந்து வந்து முட்டைகளைத் தின்றுவிட்டுப் போனது. அந்தத் தாய் அழுததை மேகலையால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. திரும்பி வந்து தன் கூட்டைப் பார்த்தாள். அதுவும் ஒரு பக்கம் சேற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே அவளுடைய முட்டைகள்!

முட்டைகளின் மேல் பாசியை இழுத்து மூடினாள். கணவனைக் காவலுக்கு வைத்தாள். ஓடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பேரவைக்குப் போனாள்.

"அவைத்தலைவர் அவர்களே! குளத்தில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று நீர்த்துறை அமைச்சர் சொல்வாரா?"

கரியமாணிக்கம் நிதானமாக எழுந்தார். முதலில் முதல்வரைப் புகழ்ந்தார். அடுத்து அவைத்தலைவரைப் புகழ்ந்தார். மருதமரத்தையும் விடவில்லை. கேள்வி கேட்டவளுக்கே கேள்வி மறந்துவிடும் போல இருந்த நேரத்தில் விஷயத்துக்கு வந்தார்.

"தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து! மலையில் யார் இருக்கிறார்? ராஜா! ஆகவே இது மேலிடத்து விவகாரம். நம் அரசு என்ன செய்ய முடியும்?"

எல்லாரும் வாலைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"துணைக் கேள்வி!" என்றாள் மேகலை. "ஓடை எப்போதும் போலத்தானே ஓடி வருகிறது? நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்!"

"ஆவன செய்யப்படும்!" என்று சொல்லிவிட்டு அமைச்சர் உட்கார்ந்தார்.

அந்தப் பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. பதில் போதவில்லை என்று ஓர் உறுப்பினர் சொன்னால், மறுநாளே அவை மீண்டும் கூட வேண்டும். மேகலை விடுவாளா? "பதில் போதவில்லை!" என்றாள்.

மறுநாள் கூடினார்கள். அதே கேள்வி, அதே பதில். "போதவில்லை!" அதற்கு மறுநாளும் கூடினார்கள். முதல்வர் பெருவாயர் தன் தொங்கும் அலகைத் திறந்து, "மலைக்கு மனு போட்டிருக்கிறோம்!" என்றார். மனுவைக் கொண்டுபோன பருந்து திரும்பி வந்து, "ராஜா தூங்குகிறார். எழுப்பினால் கொன்றுவிடுவேன் என்று தூக்கத்திலேயே சொன்னார்" என்றது. வாலைத் தட்டும் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. தண்ணீர் முன்னைவிட வேகமாக வடிந்தது.

நடுவில் பௌர்ணமி வந்தது. அவைக்கு விடுமுறை. அன்று மேகலையின் கணவன் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏ மேகலை, இங்க வா. ஒண்ணு கவனிச்சியா? இன்னைக்குத் தண்ணி இறங்கல, கூடு நேத்தைவிடச் சாயவே இல்ல."

"அதுக்கென்ன?"

"நீ கேள்வி கேக்கப் போற நாளெல்லாம் சாயுது. போகாத நாள் சும்மா இருக்கு. உன் கேள்விக்கும் தண்ணிக்கும் ஏதோ இருக்கு போல!"

மேகலைக்குக் கோபம் வந்தது. 'கேள்வி கேட்டால் தண்ணீர் குறையுமா? இது என்ன கூத்து?' ஆனால் கோபத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. ஒருவேளை நிஜமாகவே இருந்தால்? எப்படி?

மறுநாள் காலை, அவை கூட இருந்தது. வழக்கமாக அவள் எருமைக் கூட்டம் வரும் வழியை விட்டு விலகி, கரைமேல் தத்தித் தத்தித்தான் ஏறுவாள். முக்குளிப்பானுக்கு நடை வராது, மூச்சு வாங்கும். அன்று, அடியில் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று முங்கினாள். கரையை ஒட்டியே நீந்திப் போனாள். திடீரென்று ஏதோ ஒன்று அவள் காலைப் பிடித்து இழுத்தது. தண்ணீர்தான்! அவளை உருட்டிப் புரட்டிக் கொண்டுபோய், அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் தள்ளியது.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிரே மருதமரம்! ஓர் அடிகூட நடக்காமல் பேரவைக்கே வந்து சேர்ந்துவிட்டாள்!

திரும்பிப் பார்த்தாள். கரை நடுவில் மிதிபட்டு, இடிந்து, வாய்க்கால் மாதிரி ஆகியிருந்தது. சேறு முழுக்கக் குளம்புத் தடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமைச்சரின் பரிவாரம் அதன் வழியாகச் சளப் சளப் என்று இறங்கி வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் வாய்க்கால் இன்னும் ஆழமானது, தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

அன்று அவள் பெரிய கேள்வி கேட்கவில்லை.

"அவைத்தலைவர் அவர்களே! அமைச்சர் இன்று எந்த வழியாக அவைக்கு வந்தார்?"

அவையே சிரித்தது. கரியமாணிக்கமும் சிரித்தார். "இதென்ன கேள்வி? எப்போதும் வரும் வழியாகத்தான். கரை ஏறி வந்தேன்!"

"கரை எப்படி இருந்தது?"

"வழுக்கல்! இன்று விழப் பார்த்தேன்! மலையிலிருந்து யாராவது வந்து சரிசெய்யக் கூடாதா?"

முதல்வர் குறுக்கிட்டார். "உறுப்பினருக்கு ஒரு துணைக் கேள்விதான்! அது முடிந்துவிட்டது!"

நாரை தூக்கி வைத்திருந்த காலையும் கீழே ஊன்றிவிட்டது. "முதல்வர் கொஞ்சம் உட்காருங்கள். எனக்கே இது எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். நீ கேளம்மா!"

"ஏன் வழுக்குகிறது?" என்றாள் மேகலை.

"ஈரம். அதனால்தான்!"

"ஈரம் ஏது?"

"தண்ணீர் ஓடுகிறது!"

"எந்தத் தண்ணீர்?"

கரியமாணிக்கம் கீழே பார்த்தார். அவர் குளம்புகளில் குளத்துச் சேறு அப்பியிருந்தது. நிமிர்ந்து கரையைப் பார்த்தார். காது இரண்டும் தொங்கிப்போயின.

"அட! நம்ம குளத்துத் தண்ணிதானா? நான்தான் மிதிச்சேனா?"

"நீங்கள் மட்டும் இல்லை" என்றாள் மேகலை. "போதவில்லை போதவில்லை என்று சொல்லித் தினமும் உங்களை அந்தக் கரைமேல் வரவழைத்தவள் நான். பதில் வேண்டும் என்றேன். ஒரு நாளாவது கரையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்க வேண்டும்."

அவையில் ஒரு வால்கூட அசையவில்லை. முதல்வர் தொண்டையைச் செருமினார். "மிகவும் முக்கியமான விஷயம். கரையை அடைக்க அனுமதி கேட்டு மலைக்கு உடனே ஒரு மனு..."

"கரை யாருடையது?" என்றாள் மேகலை.

"நம்... நம்முடையது."

அப்போது கோரைக்குள்ளிருந்து அவள் கணவனின் கூச்சல் கேட்டது. "மேகலை! கீரி சேத்துல இறங்கிட்டான்! காலு புதையுது, அதனால நிக்கிறான்! இன்னும் கொஞ்சம் காஞ்சா வந்துடுவான்!"

மேகலை பறந்தடித்துக்கொண்டு கூட்டுக்குப் போனாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கக்கூட இல்லை.

யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கரியமாணிக்கம் எழுந்தார். பரிவாரத்தைக் கூப்பிடவில்லை. தனியாகவே நடந்துபோய், கரை உடைந்த இடத்தில் தன் பெரிய உடம்பைக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டார். தண்ணீர் அவர் முதுகில் மோதியது. நின்றது!

"பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே! மண்ணைக் கொண்டாங்கடா!" என்று கத்தினார்.

எருமைகள் மண்ணைத் தள்ளின. நாரை கோரைத் தண்டுகளைக் கொண்டுவந்து போட்டது. பெருவாயர்கூட, ஊரைப் பார்த்து வெட்கப்பட்டு, தன் அலகு நிறையச் சேற்றை அள்ளி வந்து கொட்டினார். ஓடை எப்போதும் போல வந்துகொண்டேயிருந்தது. போக வழி இல்லாத தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. கீரி ஒரு காலைத் தூக்கி உதறியது. அடுத்த காலையும் உதறியது. வயிறு நனைந்ததும் திட்டிக்கொண்டே கரைக்கு ஓடியது.

சாயங்காலம் மேகலையின் கூடு ஒரு குலுங்கு குலுங்கி, சேற்றை விட்டுக் கிளம்பி மிதந்தது. முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த அவளுக்கு, தான் அழுகிறோமா சிரிக்கிறோமா என்றே தெரியவில்லை.

அதன்பின் பேரவை கரைக்கு உள்பக்கமே கூடியது. சில வாரம் கழித்து, முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு மேகலை அவைக்கு நீந்தி வந்தாள்.

"அவைத்தலைவர் அவர்களே! தெற்குப் பக்கம் மீன்குஞ்சுகள் செத்து மிதக்கின்றன. காரணம் என்ன?"

கரியமாணிக்கம் எழுந்தார். பழக்கதோஷம், தலை தானாக மலைப் பக்கம் திரும்பியது. "இது மேலிட..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். தலையைத் தொங்கப்போட்டுத் தன் கால்களைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியவில்லை அம்மா. வாருங்கள், இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்!" என்றார்.

அதிகாரம் தன் கைக்கு வந்த பிறகும் மேலிடத்தைக் கைகாட்டிக்கொண்டிருப்பவனுக்கு, தன் காலடியில் நடக்கும் கேடு தெரியவே தெரியாது.